பூமியைவிட இளைய பிரபஞ்சம்

இன்டர்மீடியட் பரீட்சையில் பௌதிகத்தில் இரண்டு முறை தவறிய பிறகு, கோயமுத்தூரில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பதுகளின் நடுப்பகுதி அது. மலையிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்திருந்த காலம். ஊரைச் சுற்றிப் புது மில்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் அச்சகத்துக்கு மில் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும்தான் சோறு போட்டன. ஆனால் முதலாளிக்கு உயிர் எல்லாம் அவர் நடத்திய மாதப் பத்திரிகையின் மேல்தான்.

அந்தப் பத்திரிகைக்கு ஒரு மே மாதம் பிரபஞ்சத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று தபாலில் வந்தது. 'ஓர் அறிவியல் ஆசிரியர்' என்று மட்டும் கையெழுத்திட்டு, பெண்கள் பள்ளி ஒன்றின் விலாசமும் விடுமுறைக்கான அன்னூர் விலாசமும் கொடுத்திருந்தது. தூரத்து நட்சத்திரக் கூட்டங்கள் எல்லாம் நம்மைவிட்டு விலகி ஓடிக்கொண்டிருக்கின்றன, பிரபஞ்சமே விரிந்துகொண்டிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிகிற மாதிரி யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் தேறியிருப்பேனோ என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கட்டுரையின் கடைசிப் பகுதியில்தான் இடறினேன். விலகி ஓடும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், எல்லாம் ஒன்றாக இருந்த ஒரு காலம் வருகிறது. அன்றிலிருந்து இன்று வரை ஆனதுதான் பிரபஞ்சத்தின் வயது. பாறைக்குள் இருக்கும் யுரேனியம் ஈயமாக மாறுகிற கணக்கை வைத்துப் பார்த்தால் பூமியின் வயது வருகிறது. இரண்டையும் சொல்லிவிட்டு, "பிரபஞ்சத்தின் வயது பூமியின் வயதைவிடக் குறைவாக வருகிறது" என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரி: "இது எப்படி என்று இன்று யாருக்கும் தெரியாது."

பிள்ளை தாயைவிட மூத்ததாக இருக்குமா? கை தவறி எழுதிவிட்டார் என்று முடிவு கட்டினேன். 'குறைவாக' என்பதை அடித்து 'அதிகமாக' என்று திருத்தினேன். திருத்தியதும் அடுத்த வரி அர்த்தமில்லாமல் நின்றது. அதையும் எடுத்துவிட்டேன். எழுதியவருக்குப் புரூஃப் அனுப்ப நேரமில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கங்கள் அச்சாகிவிட்டன. ஓர் ஆசிரியரின் மானத்தைக் காப்பாற்றிய நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைப் புரட்டினேன். சீமையில் யாரோ ஒரு வானசாஸ்திரி பேசியதைப் போட்டிருந்தார்கள். பிரபஞ்சம் பூமியைவிட இளையதாகத் தெரிகிறது, இந்த முடிச்சை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். திங்கட்கிழமை பைண்டிங். மாவட்டம் முழுக்கப் போகிற பத்திரிகை. அதில், நான் கெடுத்த ஒரு கட்டுரை.

மறுநாள் காலை அன்னூர் பஸ்ஸில் ஏறினேன். கோட்டுப் போட்ட, வயதான, கோபக்காரரான ஒரு மனிதரை மனதுக்குள் உண்டாக்கி, அவரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். விலாசம் விசாரித்துப் போய்ச் சேர்ந்த ஓட்டு வீட்டு வாசலில், வேப்ப மர நிழலில், முப்பது வயதுப் பெண் ஒருவர் சாக்கைக் கொட்டி வைத்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்க அறிவியல் வாத்தியார் ஒருத்தர் இருக்கறாருங்களா? பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினவரு?"

"நாந்தானுங்க. உக்காருங்க. இந்த வெயில்ல கோயமுத்தூர்ல இருந்தா வாரீங்க?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. உட்கார்ந்தேன். கை சும்மா இருக்க மாட்டாமல் நானும் ஒரு பிடி கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"அச்சுல ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?" என்று அவரே கேட்டார்.

"அச்சுல இல்லீங்க டீச்சர். நான் பண்ணுன தப்புங்க. வயசு குறைவா வருதுன்னு எழுதியிருந்தீங்க. அதிகமா வருதுன்னு மாத்திப்போட்டேனுங்க."

அவர் கை நின்றது. "அதுக்கு அடுத்த வரி?"

"அதையும் எடுத்துப்போட்டேனுங்க."

நான் தலையைத் தூக்கவில்லை. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நானும் அதையேதானுங்க செஞ்சேன். மொதல்ல எங்கணக்குத்தான் தப்புன்னு நெனச்சு, குறைவுங்கறதை அடிச்சு அதிகம்னு எழுதினேன். மூணு நாள் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். மனசு கேக்காம மெட்ராஸ்ல எனக்குப் பாடம் எடுத்த புரொபசருக்குக் கடுதாசி போட்டேன். உங்க கணக்குச் சரி, எங்களுக்கும் இதேதான் வருது, ஏன்னு தெரியலைன்னு எழுதியிருந்தாரு."

எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அவர் முகம் மாறியதைக் கண்டு அடக்கிக்கொண்டேன்.

"சிரிச்சதால கோவம் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்தக் கட்டுரையையும் எழுதினேன். ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாமுங்களே?"

"கேட்டிருக்கோணுமுங்க. புத்தியில்லாமப் போச்சு." உரித்த கடலையைக் குவியலில் போட்டுவிட்டு, "அத்தனை படிச்சவங்களுக்கே தெரியாதுங்களா?" என்று கேட்டேன்.

"தூரத்தை அளந்ததுல தப்பு இருக்கலாம். பாறைக் கணக்குல தப்பு இருக்கலாம். ரெண்டும் சரியா இருந்து, பிரபஞ்சத்தைப் பத்தி நாம நெனைக்கறதே தப்பா இருக்கலாம். மூணுல எதுன்னு சொல்ல இன்னைக்கு ஆளில்லீங்க."

முதலாவதுதான் என்று தெரிய, இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அன்றைக்கு எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. பௌதிகச் செய்முறைப் பரீட்சையில் பரீட்சைக்காரர் முன்னால் "தெரியாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு நின்றது, அப்பா அதற்காக ஆறு மாதம் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை எதற்காக முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

"அது படிக்காததால வந்த தெரியாது, இது படிச்சும் வந்த தெரியாது. ரெண்டையும் ஒண்ணாக்கிக்காதீங்க," என்றார் டீச்சர். எனக்குச் சுருக்கென்றது. உடனே, "மொதல் வகை சுலபமுங்க. அதைச் சரி பண்ணிக்கலாம்," என்றும் சொன்னார்.

உள்ளே போய் ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு வந்தார். இன்ன இடத்தில் 'அதிகமாக' என்பதைக் 'குறைவாக' என்று திருத்திப் படிக்கவும். இது எப்படி என்று இன்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான். யார் செய்த தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மீதிக் கடலையையும் உரித்து முடித்துத்தான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் தாளை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்னைய யாரு கட்டுரையைத் திருத்தச் சொன்னது? எழுத்துப்பிழை பாக்கறதுக்குத்தானே உன்னைய வெச்சிருக்குது!" என்று கத்தினார். மெஷின் ஓட்டுகிறவரும் எழுத்துக் கோக்கிறவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து மறுபடி படித்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஏம்ப்பா, நெசமாலுமே தெரியாதா? சீமையிலயுமா?"

"தெரியாதாமுங்க. டீச்சர் சொன்னாங்க."

"அட! அதைப் போயி எடுத்துப்போட்டியே! அதானப்பா கட்டுரையில விசேஷமே!"

ரோஸ் காகிதத்தில் திருத்தச் சீட்டு அடிக்கச் சொன்னார். மைதாப் பசை காய்ச்சி, அன்று பகல் முழுக்க எல்லோருமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒட்டினார். வேலை போகாது என்பது அப்போதுதான் எனக்கு உறுதியாயிற்று. இரண்டு நாளாக உள்ளே இறங்காத சோற்றை அன்று மத்தியானம் இரண்டு ஆள் சாப்பாடாகச் சாப்பிட்டேன்.

பத்திரிகை போய்ச் சேர்ந்ததும் வந்த கடிதங்களில் பாதி அந்தச் சீட்டைப் பற்றித்தான். சத்தியமங்கலத்து வாசகர் ஒருவர், எல்லாம் ஒன்றாக இருந்த காலத்துக்கு முந்தி என்ன இருந்தது என்று கேட்டிருந்தார். முதலாளி அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "இதை அந்த டீச்சரம்மாவுக்கு அனுப்பு. என்ன சொல்றாங்களோ அப்படியே போடு," என்றார். 'அப்படியே' என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. இரண்டு பக்கம் எழுதியிருந்தார் டீச்சர். இடையில் ஒரு வாக்கியம் எனக்குப் பிடிபடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கார்டு எடுத்து அவருக்கு எழுதிக் கேட்டேன்.