மேசைக்கு இந்தப் பக்கம்

கல்யாண மண்டப வாசலில் வரவேற்பு மேசை போடுவது, தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் எனக்கும் அக்காவுக்கும் என்றே விடப்பட்ட வேலை. கோவில்பட்டியில் எந்த மண்டபமானாலும் முதலில் இடம் பார்ப்போம். மேசை வாசலுக்கு நேரே இருக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பையோடு வருகிறவர்கள் இடித்துக்கொள்வார்கள். ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட வேண்டும். பட்டுச்சேலையை அப்படியே விரித்தால் வழுக்கும். அடியில் பருத்தி வேட்டி விரித்து, அதன்மேல் சேலையைக் கரை வெளியே தெரியும்படி விட்டு, உட்புறமாக ஊக்கு குத்த வேண்டும். எங்கள் கரிசல் காற்றில் சந்தனம் சீக்கிரம் காய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குழைப்பதே நல்லது. கற்கண்டுக்குத் தட்டு ஆகாது, குழிந்த கிண்ணம்தான்.

மின்விசிறிக்கு நேர் கீழே குங்குமம் வைக்கக் கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கரண்ட் இல்லாத நேரத்தில் ஒருமுறை மேசையைப் போட்டுவிட்டோம். கரண்ட் வந்ததும் கிண்ணத்துக் குங்குமம் முழுவதும் மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டையில். அவர் திகைத்து நிற்க, அக்கா சிரிக்காமல் சொன்னாள்: "உள்ள போங்க அண்ணாச்சி, உங்களையும் மாப்பிள்ளைன்னு நினைச்சுக்கிடுவாவ." அவரே சிரித்துவிட்டார்.

ரோஜாவைக் குங்குமத்துக்கு முன்னால் வைக்கலாம் என்றதும் அக்காதான். நெற்றியில் இட்டுக்கொள்ளாத கிறிஸ்தவர்கள் வந்தால், கையை எதன் பக்கம் நீட்டுவது என்று தயங்க வேண்டியிருக்காது என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு, தன்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவர் ஒருவரை மணந்துகொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். அப்பா அவள் பேரை எடுப்பதையே விட்டார்.

சில ஆண்டுகள் கழித்துத் தம்பி கல்யாணம் முடிவானபோது அவளை அழைக்கச் சொல்லி அம்மா அழுதாள். எங்கள் பக்கம் சொந்தக்காரர்களை வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைப்பார்கள். தபாலில் போவது வெறும் பழக்கம் உள்ளவர்களுக்கான பத்திரிகை. அப்பா அக்காவுக்குத் தபாலில் போட்டார். அதுவே பெரிது என்று அம்மா அடங்கிவிட்டாள்.

அன்று மேசையை நான் தனியாகப் போட்டேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அக்கா வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும், மேசைக்கு இந்தப் பக்கம், வீட்டு ஆளாக. அந்தக் கல்யாணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முகூர்த்தம் நெருங்கும்போது வந்தாள். கணவரோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்தவர்களின் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் நான் நகர்ந்து இடம் விட்டேன்.

"இங்கன வாக்கா."

"தபால்ல வந்த பத்திரிகைக்கு அந்தப் பக்கம் நிக்க முடியுமாட்டி?" குரலில் கோபமே இல்லை. "பன்னீரைத் தெளி."

தெளித்தேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பன்னீர்ச் செம்பைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுபடியும் தெளித்தேன், மறுபடியும்.

"போதும்ட்டி. பின்னால ஆளு நிக்காவ, பாரு."

மகள் கையில் இரண்டு கற்கண்டைக் கொடுத்து, அவளை முன்னால் விட்டு, கடைசி வரிசை நாற்காலிகளைப் பார்த்து நடந்தாள். நான் நகர்ந்த இடத்திலேயே நின்றபடி அடுத்து வந்தவருக்குச் செம்பை உயர்த்தினேன்.