கூடை மாட்டாத கடைசல்காரி

நோட்டன் பிரிட்ஜ் போகிற ரோட்டோரத்தில், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் என் கடைசல் மெஷின் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் ஹட்டனில் ஒரு தளபாடப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். நாற்காலிகளுக்கு வார்னிஷ் பூசத்தான் எடுத்தார்கள். பூசிப் பூசி அலுத்துப்போய்க் கடைசல் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பட்டறையை மூடியபோது அந்த மெஷினை நானே வாங்கிக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்தில் கிழட்டுத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட்டார்கள். பிடுங்கிய அடிக்கட்டைகளை எல்லாரும் அடுப்புக்குச் சுமந்து போனார்கள். நான் ஒன்றை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டேன். முறுக்கிப் போன கட்டை. உளி தொட்டதும் கத்தியது. ஆனால் தோலுக்குள்ளே தேன் நிறமும் கறுப்பு ரேகைகளுமாக அப்படி ஒரு அழகு. அதிலிருந்து கிண்ணம், மூடி போட்ட டப்பா, பூச்சாடி என்று செய்ய ஆரம்பித்தேன்.

பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிற மேனேஜர் பெண் ஒருநாள் காரை நிறுத்தினாள். கொழும்புக்காரி. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்து என்ன தெரியுமோ! ஹோட்டல் முழுவதற்கும் வேண்டும் என்றாள். மாதிரிக்கு மூன்று கொண்டுபோனாள். மறுவாரம் கேமராக்காரன் ஒருவனோடு வந்தாள். அவள் கையில், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் முதுகில் மாட்டுகிற கூடை, புத்தம்புதுசு.

"அக்கா, இந்த ஷர்ட்ட மாத்திட்டு சாரி ஒண்டு கட்டுங்களேன். இந்தக் கூடையையும் மாட்டிக்கொண்டு மெஷின்கிட்ட நில்லுங்க."

"கூடைக் கவுறு மெஷின்ல சிக்குனா என் கழுத்து போயிரும் மிஸ்."

"மெஷின் போட வேணாம். உளிய மட்டும் பிடிங்க."

"நான் ஒரு நாளும் கொழுந்து எடுத்ததில்லங்க."

"அது யாருக்குத் தெரியப் போகுது?"

முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்து, முட்டி தேய்ந்து, ஓய்வில் இருக்கும் என் அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் புள்ளைக்குத்தான் ஆசையா இருக்கே, அதுவே மாட்டிக்கட்டும். அட்டைக்கடி எப்புடி இருக்கும்னு மட்டும் எங்கிட்ட கேட்டுக்கட்டும்."

கேமராக்காரன் சிரித்துவிட்டான். மேனேஜர் சிரிக்கவில்லை. முடியாது என்று நான் சொன்னதும் கூடையைத் தூக்கிக் காரில் எறிந்துவிட்டுப் போனாள். ஓடர் வரவில்லை. மாதிரிகளும் வரவில்லை.

ஆட்டோ ஓட்டும் என் கணவர் ஒரு தடவை வெள்ளைக்காரர்களை அந்த ஹோட்டலில் இறக்கிவிட்டு வந்து, "ஒன் கிண்ணத்தயெல்லாம் சாமி மாதிரி வச்சிருக்காங்க, போய்ப் பாரு" என்றார். போனேன். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே என் மூன்று கிண்ணங்களும் விளக்கு வெளிச்சத்தில். மேலே பெரிய படம்: அதே கூடையை மாட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நிற்கிற ஒரு பெண். அந்த மேசையில் சாவி கொடுக்கிற பெண்தான், லிப்ஸ்டிக்கைக்கூட அழிக்கவில்லை. படத்துக்குக் கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: தலைமுறைகளின் கண்ணீர் உறைந்த கிண்ணம்.

கண்ணீராம்! அதைக் கடையும்போது நான் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, மாசிச் சம்பலுக்கு வெங்காயம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜரைக் கூப்பிட்டு, என் சாமானைக் கொடுங்கள் என்றேன்.

"கோவிக்காதீங்க அக்கா. கதை இருந்தாத்தான் விக்கும்."

"கிண்ணம் நல்லா இருந்தா விக்காதுங்களா?"

இவளுக்கு வியாபாரம் தெரியவில்லையே என்று என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அந்த இரக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்குள் அங்கே நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா, கிண்ணத்தைக் காட்டி யார் செய்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான்தான் என்றேன். அவர் என் காற்சட்டையை ஒரு தரம் பார்த்தார். படத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, இந்தப் படத்திலுள்ள பெண்ணைச் சந்திக்க முடியுமா என்று கேட்டார்.

சாவிக்காரப் பெண் மேசைக்குக் கீழே எதையோ தேடக் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் பெட்டியைத் திறந்தாள். மூன்றையும் தோளில் கிடந்த துண்டில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன். வாசலில் காவற்காரர் சிங்களத்தில் கூப்பிட்டு, முடிச்சைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்து, "ஹரி லஸ்ஸனாய்" என்றார், மிக அழகாயிருக்கிறதாம். அன்று அந்த இடத்தில் கிண்ணத்தை மட்டும் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவர் கையிலேயே ஒன்றை விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் எங்கிருந்தோ வரவழைத்த மாமரக் கிண்ணங்கள் இருக்கின்றனவாம். கண்ணீர் அப்படியே இருக்கிறதாம், மரத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு மாடிப்படிக் கால்கள் கடைகிற வேலை குவிந்து கிடக்கிறது. றொசல்லயில் புது வீடு கட்டுகிற ஒருவர் உருண்டைக்கு மேல் உருண்டை, அதற்கு மேல் தாமரை மொட்டு என்று கேட்டிருக்கிறார். பார்க்கச் சகிக்காது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "எனக்குப் புடிச்சிருக்குங்க" என்றார். அது நியாயமான பதில். கடைந்துகொண்டிருக்கிறேன்.