தண்ணி ஏறிய செய்தி

நான் ஊராட்சித் தலைவராக ஜெயித்த நாள் முதல் எங்கள் பக்கத்துச் செய்திச் சேனல்காரர் ஒருவருக்கும் எனக்கும் ஆகாது. செல்போனில் பார்க்கிற சேனல்தான். ஆனால் மரக்காணம் பக்கம் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. பதவியேற்பில் நான் எழுத்துக் கூட்டி உறுதிமொழி படித்ததற்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட்டார். அளத்தில் உப்பு வாரிவிட்டு அப்படியே ஆபீசுக்குப் போனால், 'சேற்றுக் காலோடு தலைவி' என்றார். இருக்கட்டும் என்று விட்டேன். சேறு பொய் இல்லையே.

தண்ணி விஷயத்தில்தான் விடவில்லை.

கழிமுகத்திலிருந்து எங்கள் அளங்களுக்கு உப்புத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. பாத்திகள் காய்ந்து வெடித்தன. அந்தப் பருவம் போனால் எனக்கு ஓட்டுப் போட்ட பெண்களுக்கு வேலை இல்லை. மனு கொடுத்து அலுத்திருந்த நேரத்தில் அவர் மைக்கை நீட்டினார். நானும் வாய்க்காலைக் காட்டிச் சொன்னேன்.

"எங்களுக்குத் தண்ணிதாம்பா உசுரு. காலையில தண்ணி ஏறலைன்னா பொம்பளைங்களுக்கு கையும் ஓடாது, காலும் ஓடாது."

சாயங்காலச் செய்தியில் வாய்க்காலே இல்லை. என் முகமும் அந்தப் பேச்சும் மட்டும். கீழே, 'காலையிலேயே தண்ணி கேட்கும் தலைவி'. பக்கத்தில் ஒரு பாட்டில் படம் வேறு.

சாராயத்துக்கு ஆளைப் பறிகொடுத்த கடலோரம் இது. பெண்கள் கொதித்துப்போனார்கள்.

"வாக்கா, அந்த மைக்கைப் புடுங்கிக் கடல்ல எறிஞ்சிட்டு வரலாம்" என்றாள் ஒருத்தி.

"வேணாம்டி, அதையும் செய்தியாக்கிடுவான்" என்றேன்.

இரண்டொரு நாளில் அந்தச் செய்தியை நம்பி, சாராயத்தைத் தேடித் தாசில்தாரும் போலீசாரும் ஜீப்பில் வந்தார்கள். பின்னாலேயே சேனல்காரர், நேரலை என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எனக்கு வேண்டியதும் அதுதான். நேரலையை வெட்ட முடியாது.

"ஏம்மா, தண்ணி எங்க இருக்குது?" என்றார் தாசில்தார்.

"அதத்தாங்க ஐயா நாங்களும் கேட்டுக்கினு இருக்கோம். வாங்க, காட்டுறேன்."

வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே இறங்கினால் கணுக்கால் வரை புழுதி.

"இதுலதாங்க தண்ணி வரணும்."

பின்னால் நின்ற பெண்கள், "சீக்கிரம் தண்ணி ஊத்துங்க சார், கை நடுங்குது!" என்று கத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். தாசில்தார் சிரிக்கவில்லை, அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, வேறென்ன செய்வார்?

அந்த வாரமே மண் வாரும் இயந்திரம் இறங்கியது. வாய்க்காலில் தண்ணீர் ஏறி வந்தபோது பெண்கள் போட்ட கூச்சல் எக்கியார்குப்பம் வரை கேட்டிருக்கும்.

அன்று சேனலில், 'நமது செய்தி எதிரொலி: வாய்க்கால் தூர்வாரப்பட்டது' என்று போட்டுக்கொண்டார். எனக்குக் கோபமே வரவில்லை. ஒருவகையில் நிஜம்தானே.

இன்றைக்கும் வம்புக்கு இழுக்கிறார். மைக் நீண்டால், "நேரலையாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். "சாருக்குத் தண்ணி வேணுமா, கேளுக்கா!" என்று அளத்திலிருந்து ஒரு குரல் வரும். எனக்குப் பின்னால் பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று கிடக்கும். அது படத்தில் விழுகிற மாதிரி இடம் பார்த்துத்தான் நிற்கிறேன்.