உயிரோடிருப்பவருக்கு ஊற்றிய திராட்சை ரசம்

உயிரோடிருக்கும் என் கணவரை ஒரு பகல் முழுவதும் நான் செத்தவராக்கி வைத்திருந்தேன்.

சுற்றிவளைத்துச் சொன்னால் இதன் கனம் குறைந்துவிடும். ஆகவே முதலிலேயே சொல்லிவிட்டேன். வாய்தவறி வந்த சொல் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டார்கள், சொன்னேன். பிறகு அவருக்காக அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை... என்னை இன்றுவரை அரிப்பது அதுதான்.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி. துபாய்க்குப் பக்கத்தில் அல் ஐனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். என் கணவர் சேவியர் அப்போது குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். ஃபர்வானியாவில் நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தார். மணமாகிப் பல வருடங்கள் ஆகியும் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது லீவு நாட்களில் மட்டுமே. பிள்ளையில்லை.

அவர் கெட்டவரா என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. குடிக்கமாட்டார், அதட்டமாட்டார். டியூட்டி முடிந்ததும் தவறாமல் போன் செய்வார். சாப்பிட்டாயா, என்ன குழம்பு, அங்கே வெயில் எப்படி... தினமும் அதே கேள்விகள். பதில் சொல்லிக்கொண்டே நான் துணி மடிப்பேன். மனம் அங்கே இருக்காது.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு அவர் அல் ஐன் வருவதாக இருந்தது. குவைத் வேலையை விட்டுவிட்டு என் விசாவிலேயே இங்கே வந்து தங்கிவிடலாமா என்று நேரில் பேச நினைத்திருந்தார். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு முட்டியது. ஏன்? என்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். தனியாக உண்டு, தனியாக உறங்கி, யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்து பழகிவிட்டது எனக்கு. கணவரைவிட அந்தத் தனிமை நெருக்கமாகிவிட்டிருந்தது.

பெருநாளுக்கும் டியூட்டி போட்டுவிட்டார்கள், லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்றேன்.

"சரிட்டி. உடம்பப் பாத்துக்க" என்றார். வாங்கியிருந்த டிக்கெட்டைத் திருப்பிவிட்டார்.

எனக்கு லீவு இருந்தது. துபாயிலிருந்து ஜார்ஜியாவுக்கு விமானம் ஏறினேன்!

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு அங்கே போவது இப்போது சாதாரணம். கூட வருவதாக இருந்த மலையாளி நர்ஸ் கடைசி நேரத்தில் நின்றுவிட்டாள். முகம் தெரியாத கூட்டத்தோடு பஸ்ஸில் போக மனம் வரவில்லை. அந்த நாட்டின் கிழக்கே திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்க்க, ஒரு நாளைக்கு ஒரு காரும் வழிகாட்டியும் எனக்கே எனக்கென்று அமர்த்திக்கொண்டேன்.

வழிகாட்டி ஒரு பெண். பெயர் நீனோ. என்னைவிட மூத்தவள், அதிகம் சிரிக்காதவள். காரையும் அவளே ஓட்டினாள். அவளுக்கும் அரைகுறை ஆங்கிலம், எனக்கும் அரைகுறை ஆங்கிலம். அதுவே எங்களை நெருக்கமாக்கியது.

மலை ஏறி மறுபுறம் இறங்கியபோது... எப்படிச் சொல்வேன்! கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். அவற்றுக்கப்பால் மூடுபனி. மூடுபனிக்கு மேலே, தரையோடு ஒட்டே இல்லாததுபோல் வெள்ளை மலைகள். மணலையும் கண்ணாடிக் கட்டடங்களையும் பார்த்துக் காய்ந்துபோன கண்களில் அந்த ஈரம் இறங்கியது. நான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது. யாருடைய மனைவியாகவும் இல்லாமல், எந்த வார்டுக்கும் உரியவளாக இல்லாமல், காற்றில் விட்ட துணிபோல் இருந்தேன்.

முதலில் ஒரு பழைய நிலவறைக்கு அழைத்துப் போனாள். ஆளுயர மண்சாடிகளைக் கழுத்துவரை தரையில் புதைத்திருந்தார்கள். அவற்றுக்குள்தான் திராட்சை ரசம் மாதக்கணக்கில் உறங்குமாம். எங்கள் தாமிரபரணிக் கரையிலும் மண்ணைத் தோண்டினால் இப்படித்தான் தாழிகள் கிடைக்கும், அவற்றில் எங்கள் முன்னோர்களின் எலும்புகள் இருக்கும் என்றேன். நீனோ அதைக் கேட்டு நின்றுவிட்டாள். தன் கணவரும் மண்ணுக்குள்தான் இருக்கிறார் என்றாள். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்ததாம். அதன் பிறகுதான் இவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாளாம்.

பிறகு, இயல்பாக, என் பக்கம் திரும்பினாள்.

"உன் கணவர்?"

குவைத்தில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் கூட வரவில்லை என்ற அடுத்த கேள்வி வரும். அது மட்டுமா காரணம்? இல்லை... அந்தக் குளிர்ந்த இருட்டில், தன் வாழ்வைத் தானே ஓட்டிக்கொண்டிருந்த அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கைம்பெண்ணைக் கண்டு பொறாமைப்பட்டேன்!

"அவர் இப்போது இல்லை" என்றேன்.

நீனோ என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அதன்பின் அந்த நாளே வேறாகிவிட்டது. மதிய உணவுக்குச் சொல்லிவைத்திருந்த உணவகத்தை ரத்துசெய்தாள். உன்னைப் போன்றவள் அந்நியரோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று சொல்லி, பக்கத்துக் கிராமத்தில் இருந்த தன் தம்பி கியாவின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வாசலில் கொடிப்பந்தல். அதன் கீழே நீண்ட மேசை. கியாவின் மனைவி என்னை அணைத்துக்கொண்டபோது, நீனோ முன்பே போனில் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

அவர்கள் சும்மா குடிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவர் எழுந்து எதையாவது வாழ்த்திப் பேச வேண்டும். கியா முதலில் கடவுளை வாழ்த்தினான், பிறகு விருந்தாளியான என்னை. அடுத்து இறந்தவர்களின் முறை. எல்லோரும் எழுந்தார்கள். என் கணவரின் பெயர் என்ன என்று கேட்டான்.

வேறு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாமே! சேவியர் என்றேன்.

ரொட்டியைப் பிய்த்து, அதன்மேல் சில துளி ரசத்தை விட்டு, சேவியர், சேவியர் என்று மெல்லச் சொன்னார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல், நாங்களும் அவரை நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்றான் கியா.

நான் பேசினேன். மணமான புதிதில் அவர் லீவில் வந்திருந்தபோது எனக்கு அம்மை கண்டது. சொந்தக்காரர்கள்கூட எட்டி நின்றார்கள். அவர் என் கட்டிலருகே தரையில் பாய் விரித்துப் படுத்தார். வேப்பிலையால் விசிறிக்கொண்டே, கோயில் பாட்டுக்களைச் சுருதி சேராமல் பாடுவார். நான் எழுந்து நடமாடியபோது அவர் லீவு முடிந்துவிட்டது. ஒரு குறையும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த அந்நிய முற்றத்தில், நீனோ ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்க, சொல்லச் சொல்ல எனக்கு அழுகை பொங்கியது. உயிரோடு இருக்கும்போது சலிப்பூட்டிய மனிதர், செத்ததும் எவ்வளவு அழகாகிவிட்டார்! பல வருடங்களுக்குப் பிறகு அவர்மேல் எனக்குக் காதல் வந்தது. அவரைக் கொன்ற பிறகுதான் வந்தது.

அப்போது என் பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் அவர் முகம்.

யார் என்று நீனோ கேட்டாள். மருத்துவமனையிலிருந்து என்று சொல்லி அணைத்துவிட்டேன். கியா என் கிண்ணத்தை மறுபடி நிரப்பினான்.

திரும்பும் வழியெல்லாம் உறங்கினேன். விழித்தபோதெல்லாம் கொடிகள், பொன்னிற வெயில், தூரத்து மணியோசை. அத்தனை நிம்மதியாக நான் அதற்கு முன்னும் உறங்கியதில்லை, பின்னும் உறங்கவில்லை.

மறுநாள் போன் செய்தேன். பெருநாளாயிற்றே என்று கறி வாங்கிக் குழம்பு வைத்தாராம். அறை நண்பர்கள் எல்லோரும் வெளியே போய்விட, தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது என் குரலைக் கேட்கலாமென்று கூப்பிட்டாராம். டியூட்டியில் இருப்பேன் என்பது நினைவுக்கு வந்ததும், தொந்தரவு செய்துவிட்டோமே என்று வருந்தினாராம். வருந்தியது அவர்!

அடுத்த வருடம் குவைத் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அவர் என் விசாவில் அல் ஐன் வந்துவிட்டார். ஒரு கட்டடத்தில் பராமரிப்பு வேலை. நான் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. எனக்கு முன்பே எழுந்து தேநீர் போடுகிறார். நான் டியூட்டி முடிந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்.

அந்த அம்மைக் கதையை அவரிடம் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். முடியவில்லை. சொல்லத் தொடங்கினாலே பிய்த்த ரொட்டியின் மணம் வருகிறது. அந்தச் சொற்களை அவருடைய சாவுக்குச் செலவழித்துவிட்டேன்... அவருக்கே அவற்றை எப்படிக் கொடுப்பேன்?

கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய் என்று பாதிரியார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சில செபங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் இறங்கவில்லை.

நீனோவுக்காவது உண்மையை எழுதியிருக்கலாம். அவள் வருடாவருடம் ஈஸ்டர் பெருவிழா சமயத்தில் எனக்குச் செய்தி அனுப்புகிறாள். அப்போது அவர்கள் கல்லறைகளுக்குப் போய் இறந்தவர்களுக்கு ரசம் ஊற்றுவார்களாம். உன் சேவியருக்கும் ஊற்றினோம் என்று எழுதுவாள். நன்றி என்று பதில் போட்டுவிட்டு அதை அழித்துவிடுவேன்.

இந்த வருடம் செய்தி வந்தபோது அவர் என் பக்கத்தில் சோபாவில் இருந்தார். எழுத்து எதுவுமில்லை. ஒரு படம் மட்டும். மறைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"யாருட்டி இது? கல்லறையில என்னத்த ஊத்துதாங்க?"

கூட வேலை பார்த்த ஒருத்தி, ஜார்ஜியாக்காரி, செத்தவர்களுக்குத் திராட்சை ரசம் ஊற்றுவது அவர்கள் வழக்கம் என்றேன். நல்ல வழக்கந்தான் என்று சொல்லி, படத்தை இரண்டு விரல்களால் பெரிதாக்கினார். நீனோவின் கணவர் கல்லறையை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைக் கல் நடப்பட்டிருந்தது. அதில் பெயரில்லை. அதன்மேலும் சிவப்பாக ரசம் வழிந்திருந்தது.

"இந்தச் சின்னக் கல்லு யாருக்கு?"

"தெரியலியே" என்றேன்.

"பாவம், பேருகூட இல்ல. யாரோ நாதியத்த ஆளு போல" என்று நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். அந்த ஆன்மாவுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்வோம் என்றார்.

அவர் கண்களை மூடி முன்பாதியைச் சொன்னார்.

பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று முடியும் பின்பாதியை நான் சொன்னேன்.