எண்பத்தொரு உறைகள்

வாக்காளர் இடாப்பிலிருந்து ஒருவரின் பெயரை நீக்குவதானால் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் அனுப்ப வேண்டும். விசாரணையில் அவர் பேச இடமளிக்க வேண்டும். இது விதி. ஓர் எழுத்தும் பிசகாமல் இதைக் கடைப்பிடித்துத்தான், மடுல்சீமைத் தோட்டமொன்றில் எண்பத்தொரு பேரின் வாக்கைத் திருடினேன்.

ஆம், திருடினேன்! நாகரிகமான வேறு சொல் தேடும் வயதை நான் கடந்துவிட்டேன்.

அப்போது நான் பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், தேர்தல் பிரிவு எழுதுவினைஞன். எங்கள் பகுதியில் சொற்ப வாக்குகளால் பாராளுமன்றத்தைத் தவறவிட்ட ஒருவர் இருந்தார். தோட்டத்து வாக்குகளே தன்னைக் கவிழ்த்தன என்பது அவருடைய முடிவு. பிரஜாவுரிமை பெற்று இடாப்பில் ஏறியிருந்த எண்பத்தொரு பேரும் இப்போது அங்கே வசிக்கவில்லை என்று அவருடைய ஆள் ஆட்சேபனை மனுக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, முஸ்லிம்களை அழைக்கும் முறையில் என்னை ‘நானா’ என்றபடி என் மேசையோரம் நின்றான்.

“நானாவுக்கு மொனராகலைக்கு மாத்தமாமே? எங்க ஐயா வென்றா நீங்க பதுளையிலயே இருக்கலாம்.”

“விதிக்கு மாறா நான் ஒன்னும் செய்யமாட்டேன்.”

“யாரு மாறச் சொன்னா? விதிப்படியே செய்ங்க நானா!”

உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கடிதம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போவதில்லை. தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அங்கே ஏழு மாரியாயி, ஒன்பது கருப்பையா. சம்பளப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் உள்ள செக்ரோல் நம்பரை உறையில் எழுதினால்தான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் உரியவர் கைக்குக் கிடைக்கும். இல்லையேல் அலுமாரியின் மேல் கிடக்கும். விதி கேட்பதோ பெயரும் விலாசமும் மட்டுமே. அதுவரை அந்த நம்பரை நானாகவே தேடிப்பிடித்து எழுதி வந்தேன்...

அந்த எண்பத்தொரு உறைகளில் எழுதவில்லை. அவ்வளவுதான். அவ்வளவேதான்!

விசாரணைக்கு எவரும் வரவில்லை. பெயர்கள் போயின. அவர் வென்றார், பாலம் திறந்தார், மாலை சுமந்தார். நான் பதுளையிலேயே இருந்தேன்.

தேர்தல் முடிந்த வாரம் அங்கம்மா வந்தாள். கொழுந்து பறிப்பவள், கணவனை இழந்தவள்.

“ஏங்கய்யா, எம் பேரு ஓடிப்போயிருச்சாமே? நான் இங்கதான் கெடக்கேன், அது மட்டும் எவனோட போச்சு?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அறிவித்தல் அனுப்பினோம்மா.”

“யாருக்குங்க?”

மற்றவர்கள் ஒரு வாக்கை இழந்தார்கள். இவள் நிலை வேறு. கணவனும் அவளும் பெற்ற பிரஜாவுரிமைச் சான்றிதழ் லயத்தில் பிடித்த தீயில் எரிந்துபோயிருந்தது. இந்நாட்டவள் என்று காட்ட எஞ்சியிருந்தது இடாப்பின் அந்த ஒரு வரி. மகனோ இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். தாள் காட்ட முடியாத தாயையும் அவனோடு சேர்த்து இந்தியாவுக்கு அனுப்புவோர் பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

“அங்க எனக்கு யாரைங்க தெரியும்? எம் புருசனப் பொதைச்சது இங்கதான்.”

அவளுக்காகக் கொழும்புக்கு மேன்முறையீட்டை நானே எழுதினேன். அழகான மனு! நம்பர் இல்லாமல் உறைகளை வேண்டுமென்றே அனுப்பியவன் நான் என்ற வரியை மட்டும் எழுதவில்லை. அது இருந்திருந்தால் கொழும்பு உடனே திருத்தியிருக்கும். அது இல்லாததால் ஆவணக் கோவையைக் கேட்டார்கள், அனுப்பினேன். தோட்டத்திடம் விளக்கம் கேட்டார்கள். பிறகு மறுபடியும் கோவையைக் கேட்டார்கள்...

ஏன் எழுதவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? அகப்பட்டுக்கொள்ளும் வெட்கமா? இரண்டும்தான் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் சிறிது இரக்கம் பிறக்கலாம். வேண்டாம்.

மாதந்தோறும் வந்தாள். “பதில் வந்துச்சுங்களா?” கடைசியாக வந்தபோது கும்பிட்டாள்.

“எங்களுக்காகப் பேனாவப் புடிச்சவரு நீங்க ஒருத்தர்தாங்கய்யா.”

அந்தக் கும்பிடு இன்னும் என்மேல் கிடக்கிறது. யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்?

ஜூன் எட்டாம் திகதி, தலைமன்னாரில் கப்பல் பிடிக்க, மகன் குடும்பத்தோடு பதுளை ஸ்டேசனில் ரயில் ஏறினாள். நான் வழியனுப்பப் போகவில்லை. அன்று எனக்கு விடுமுறைகூட இருந்தது.

‘பெயர் தவறாக நீக்கப்பட்டுள்ளது, மீளச் சேர்க்கவும்’ என்று கொழும்பிலிருந்து வந்த பதிலின் மேல், கிடைத்த திகதி முத்திரையை நானே குத்தினேன்: ஜூன் பதினொன்று.