மார்ச் நான்கு, ஏப்ரல் மூன்று

ஷரோனுக்கு வீட்டில் கேக் வெட்டுவது மார்ச் நான்காம் திகதியில். ஏப்ரல் மூன்றாம் திகதி வந்தால் தாய் அன்ரனெற் வேலை முடிந்து நேரே மாதா கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். யாருக்கு என்று மகள் ஒருதடவை கேட்டபோது, ஒரு ஆளுக்கு என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அந்த ஆள் ஷரோன்தான்.

அன்ரனெற்றும் கணவன் கஸ்பரும் மன்னார் பேசாலைக்காரர். தொண்ணூற்றேழில் புறப்பட்டவர்களை, காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் விட்ட இடம் அயர்லாந்து. அடுத்த வருடம் ஏப்ரல் மூன்றாம் திகதி டப்ளினில் ஷரோன் பிறந்தாள். பிள்ளைக்கு இரண்டு வயதானபோது ரொறன்ரோவுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழ் டப்ளினில் விட்டு வந்த பெட்டியோடு போய்விட்டது. விமான நிலையத்தில் நீட்டிய படிவத்தில் கஸ்பர் தான் பழகிய மாதிரி நாளை முன்னுக்கும் மாதத்தைப் பின்னுக்கும் வைத்து 03-04-1998 என்று எழுதினான். அதைக் கணினியில் ஏற்றியவர் மாதத்தை முன்னுக்கு வைத்து வாசித்தார். கடதாசி கைக்கு வந்தபோது பிள்ளை ஒரு மாதம் மூத்தவளாகியிருந்தாள்.

திருத்துவோமா என்று அன்ரனெற் கேட்டாள். அப்போது ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்டில் இருந்தார்கள். மேல் வீட்டுக்காரர், ஒரு பிழையை நீங்களாகச் சொன்னால் வேறென்ன பிழை இருக்கென்று தோண்டுவார்கள், விசாரணை முடியுமட்டும் வாயைத் திறக்காதேயுங்கோ என்றார். விசாரணை முடிந்தது. குடியுரிமை கிடைக்குமட்டும் பொறுப்போம் என்றான் கஸ்பர். அதுவும் கிடைத்தது. அதற்குள் பள்ளிக்கூடம், ஹெல்த் கார்ட் எல்லாவற்றிலும் மார்ச் நான்கு ஏறிவிட்டது. கடதாசியில் இருப்பதுதான் பிறந்தநாள் என்று ஆகிவிட்டது.

அன்ரனெற்றின் மனதில் இருந்த பயம் திகதியைப் பற்றியது மட்டும் அல்ல. அதிகாரிகள் புருசனையும் பெண்சாதியையும் தனித்தனி அறைகளில் வைத்து விசாரித்திருந்தார்கள். உள்ளே கஸ்பர் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால், சொல்ல வேண்டியதைச் சொன்னேன் என்பான். இரண்டாயிரத்துப் பதினொன்றில் வேலையிடத்துக் கார் தரிப்பிடத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனான். பழைய கோப்பு எங்கோ ஒரு அலுமாரியில் இருக்கிறது, அதை யாரும் தொடாதவரைக்கும் சரி என்று அவள் வாழ்ந்தாள்.

கஸ்பர் ஊர் உதைபந்தாட்ட அணிக்குக் கோல்காப்பாளனாக நின்றவன். ஏழு வயதில் ஷரோனைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான். அவள் சின்ன உருவம். முன்னுக்கு நின்று, இரண்டு பின்கள ஆட்டக்காரிகளுக்கு நடுவால் பந்து வருவதற்கு முந்தியே பாய்ந்துவிடுவாள். அதனால் கோல்களும் அடித்தாள், அடிக்கடி ஓஃப்சைட்டும் ஆனாள். பந்து கிளம்பட்டும் பிள்ளை, பிறகு நீ கிளம்பு என்று கஸ்பர் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவான்.

அவளுக்குப் பதினாறு வயதில் அயர்லாந்தின் இளையோர் அணியிலிருந்து கடிதம் வந்தது. அங்கே பிறந்த பிள்ளை, அந்த நாட்டுக்காக ஆடலாம். முதலில் அயர்லாந்துக் கடவுச்சீட்டு வேண்டும், வயது வராதவள் என்பதால் தாயின் கையெழுத்து வேண்டும். அந்தப் படிவம் ஆறு கிழமை பிரிட்ஜுக்கு மேலே கிடந்தது. படிப்பு முதல் என்று அன்ரனெற் சொன்னாள். எத்தனை தரம் கேட்டாலும் அதையே சொன்னாள். முகாமுக்கான நாள் கடந்துபோனது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஷரோன் தாயோடு ஓம், இல்லை என்பதற்கு மேல் பேசவில்லை.

பிறகு பல்கலைக்கழக அணி, அங்கே முழங்கால் தசைநார் அறுந்து ஒரு வருடம் படுக்கையும் பயிற்சியும். அதன்பின் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் பகலில் வேலை, பின்னேரங்களில் மாகாண லீக். நாட்டில் பெண்களுக்கென்று தொழில்முறை லீக் தொடங்கியபோது அவளுக்கு இருபத்தேழு வயது. முதல் எட்டு ஆட்டங்களில் ஐந்து கோல் அடித்தாள். அயர்லாந்திலிருந்து மறுபடி ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். இந்த முறை பெண்கள் தேசிய அணி. அடுத்த மாதம் இருபதாம் திகதிக்குள் கடவுச்சீட்டு இருந்தால் முகாமுக்கு வரலாம், இருபத்தேழு வயது முன்கள ஆட்டக்காரியை இன்னொரு தரம் தேடிக்கொண்டு வரமாட்டோம் என்று பயிற்றுநர் ஒளிக்காமல் சொன்னார்.

இப்போது கையெழுத்துக்கு அம்மா தேவையில்லை. பிறப்புச் சான்றிதழை அவளே இணையத்தில் எடுப்பித்தாள்.

அது வந்த சனிக்கிழமை மத்தியானம் அன்ரனெற் தொட்டியடியில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஷரோன் கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அம்மா, உதில ஏப்ரல் மூண்டு எண்டு கிடக்கு."

அன்ரனெற் அடுத்த மீனை எடுத்தாள்.

"மெழுகுதிரி எனக்கோ?"

"ஓம்."

கையைக் கழுவாமலே நின்று அன்ரனெற் எல்லாவற்றையும் சொன்னாள். விமான நிலையம், படிவம், மேல் வீட்டுக்காரர், தனித்தனி அறைகள். சொல்லும்போது அது மிகச் சின்ன விசயமாகக் கேட்டது. அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப அந்த ஃபோர்மில நீங்கள் சைன் வைக்காதது?"

"டேற் ரெண்டும் வேற வேற எண்டு பிடிபடும் எண்ட பயம்."

"படிப்பெண்டு சொன்னீங்கள்."

"படிப்பும்தான்."

"அம்மா."

"இல்லை. பயம்தான்."

ஷரோன் கடதாசியை மடித்தாள். "நான் நினைச்சன், உங்களுக்கு நான் விளையாடுறது பிடிக்கேல்லை எண்டு. ரென் இயர்ஸ், அம்மா." பிறகு காரை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு வைத்த மீன் குழம்பு அப்படியே இருந்தது.

அன்றிரவே அவள் இணையத்தில் அனுப்பிய விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடவுச்சீட்டுக்காரரின் மின்னஞ்சல் வந்தது. கனடியக் கடவுச்சீட்டில் ஒரு திகதி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு திகதி. இரண்டும் ஒரே ஆள்தான், பிழை எப்படி வந்தது என்று தாய் சத்தியக் கடதாசி தரவேண்டும். ஷரோன் அதைத் தாயின் கைபேசிக்கு அனுப்பினாள். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை.

அன்ரனெற் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். செவ்வாய்க்கிழமை, இனிப்பு ஆகாத சீனி வருத்தக்காரரின் தட்டுகளில் புடிங்கை வைத்து அனுப்பப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. மேற்பார்வை செய்பவள் ஓடிவந்து வண்டிலைப் பிடித்து நிறுத்தி, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். மனம் ஒரே இடத்தில் சுற்றியது. பொய் சொல்லி வந்தவர்கள் என்று குடியுரிமையைப் பறிப்பார்களா? பறித்தால் தன்னுடையதை மட்டுமா, பிள்ளையுடையதையுமா? இந்த வயதில் எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? பேசாலையில் வீடு இருந்த காணியில் இப்போது வேறு ஆட்கள்.

புதன்கிழமை பின்னேரம் ஷரோன் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "எங்க வந்து சைன் வைக்கோணும்?" என்று அன்ரனெற் கேட்டாள்.

செப்பேர்ட் வீதிப் பிளாசா ஒன்றில், பலகாரக் கடைக்கு மேலே சட்டத்தரணி சண்முகலிங்கத்தின் அலுவலகம். அவர் இரண்டு கடதாசியையும் பார்த்துவிட்டு, உதுக்கோ இவ்வளவு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள் என்று சிரித்தார். "அக்கா, இந்தப் பிளாசாவில உண்மையான பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுற ஆக்கள் நாலு பேர் இருந்தா அதிசயம்."

அன்ரனெற் சிரிக்கவில்லை. கோப்பில் வேறு ஏதும் பிழை இருக்கிறதா என்று அவர் கேட்டார்.

"தெரியாது, தம்பி. அவர் உள்ளுக்கு என்ன சொன்னவரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாததுக்கு நீங்கள் சத்தியம் பண்ணத் தேவையில்லை. தெரிஞ்சதுக்கு மட்டும் பண்ணுங்கோ."

பழைய கோப்பை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று உறுதி தரமுடியுமா என்று அவள் கேட்டாள். தரமுடியாது என்றார். கனடியப் பதிவைத் திருத்துவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, அதையும் நீங்களாகவே கொடுத்துவிடுவது நல்லது, அதிலும் தாயின் கையெழுத்து வேண்டும் என்றார். அன்ரனெற் வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்து பெயரை எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. ஷரோன் பக்கத்து நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். படியிறங்கும்போது மட்டும் தாயின் கைப்பையை வாங்கித் தான் பிடித்துக்கொண்டாள்.

கடவுச்சீட்டு பத்தொன்பதாம் திகதி வந்தது. அன்றைக்கே ஷரோன் புறப்பட்டாள். போட்டுவாறன் என்றாள், கட்டிப்பிடிக்கவில்லை. திருத்தப் படிவத்தை நிரப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி, முத்திரை ஒட்டிய உறையோடு பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டிவிட்டுப் போயிருந்தாள். ஒன்பது நாளாக அன்ரனெற் அந்தக் கதவைத் திறந்து பால் எடுத்தாள், கதவை மூடினாள். அரசாங்கக் கடிதம் ஏதும் வந்து கிடக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் கீழே தபால்பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தாள்.

ஆட்டம் டப்ளினில் மாலை. ரொறன்ரோவில் பகல் இரண்டரை. வேலை முடிந்ததும் ஊழியர் அறையில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். எழுபத்திரண்டாம் நிமிடம் வரைக்கும் ஷரோன் மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கில். பிறகு பச்சைச் சட்டையோடு எழுந்து கோட்டருகே வந்து நின்றாள். திரையின் அடியில் அவளுடைய பெயர், பக்கத்தில் பிறந்த திகதி: ஏப்ரல் மூன்று. அன்ரனெற் தன்னையறியாமல் கைபேசியைக் கையால் மறைத்தாள். எத்தனை பேர் இதைப் பார்க்கிறார்கள்? பிறகு, ஆட்டம் தெரியவில்லையென்று கையை எடுத்தாள்.

ஷரோன் பதினெட்டு நிமிடம் ஆடினாள். ஒருதரம் ஓஃப்சைட். ஒருதரம் இரண்டு பேருக்கு நடுவால் பாய்ந்து அடித்த பந்து கோல்காப்பாளியின் காலில் பட்டுத் திரும்பியது. கோல் இல்லை. ஆட்டம் சமநிலை.

அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது.

"பாத்தனீங்களோ?"

"ஓம். பந்து கிளம்ப முந்தி நீ கிளம்பிட்டாய்."

"அப்பா மாதிரிக் கதைக்கிறீங்கள்," என்றாள் ஷரோன். பிறகு, "பிரிட்ஜில இருக்கிறது?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"நான் வந்து கேக்க மாட்டன், அம்மா. பதினாறு வயசில கேட்டது காணும்."

அன்ரனெற் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே காந்தத்தை எடுத்தாள். நின்றபடி, பிரிட்ஜ் கதவிலேயே கடதாசியை வைத்துக் கையெழுத்து வைத்தாள். உறையை ஒட்டிக்கொண்டு சந்தியில் இருந்த சிவப்புத் தபால்பெட்டிக்கு நடந்தாள். உள்ளே போட்டுவிட்டு, விழுந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்த்தாள். நாலடி நடந்தாள். திரும்பி வந்து மறுபடி திறந்து பார்த்தாள்.