திண்டிவனம் கிளையில் சேராத கணினி

விழுப்புரத்தில் தலைமை அலுவலகம் வைத்துச் சுற்றுவட்டாரமெல்லாம் கிளைகள் நடத்தும் ஒரு விதை நிறுவனத்தில் ரோஸ்லினுக்குக் கணினி பார்க்கும் வேலை. எந்தக் கிளையில் எது நின்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். டிப்ளமோ முடித்து இந்த வேலையில் சேர்ந்த புதிதில் அவளுக்குப் பஸ் பயணம் பிடித்திருந்தது. இப்போது நாற்பதை நெருங்குகிறாள். ஜன்னலோர இருக்கை கிடைத்தாலும் வெளியே பார்ப்பதில்லை. பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அன்று பஸ் நிலையத்தில் அவளை இறக்கிவிட்ட கணவன் ஸ்டீபன்ராஜ், "சாயங்காலம் ஜல்தி வந்துடுவியா?" என்று கேட்டான்.

"அதை அந்தக் கம்ப்யூட்டரைத்தான் கேக்கணும்" என்றாள்.

திண்டிவனம் கிளைக்குப் புதுக் கணினி ஒன்று போயிருந்தது. நிறுவனத்தின் எல்லாக் கணினிகளும் 'டொமைன்' என்ற ஒரே குடும்பத்தில் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால்தான் ஊழியர் தன் பெயரைப் போட்டு உள்ளே நுழையலாம், பில் போடலாம். இந்தப் புதுக் கணினி மட்டும் சேர மறுத்தது. 'டொமைனைக் காணவில்லை' என்றே ஒவ்வொரு முறையும் சொன்னது.

ரோஸ்லின் கணினியின் பெயரை மாற்றினாள். கேபிளை மாற்றினாள். அணைத்து அணைத்துப் போட்டாள். விழுப்புரத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அருள்நாதன் போனில் வந்தார்.

"பேரை மாத்திப் பாத்தியாம்மா?"

"மாத்திட்டேன் சார்."

"ரீஸ்டார்ட்?"

"காலையிலேர்ந்து அதைத்தான் பண்ணிக்கினு இருக்கேன்."

"இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு. அங்கதான் ஏதோ" என்று சொல்லி வைத்துவிட்டார். எந்தப் பழுதுக்கும் அவர் இதைத்தான் சொல்வார். ரோஸ்லினுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

கிளை மேலாளர் சாந்திநாதன் செஞ்சிப் பக்கத்துக்காரர், சாதுவான மனிதர். இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "மல்லாட்டை விதைக்கு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. பெரிய பேஜாரா இருக்கும்மா" என்றார். வேர்க்கடலை விதைக்கும் பருவம் அது. அந்தக் கணினி யாருக்காக வந்ததோ அந்த இசைவாணி, பில் போடும் பெண், ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அடிக்கடி அதைத் திருப்பிப் பார்த்து மறுபடி கவிழ்த்தாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டியபோதுதான் கணினிக்குக் கிடைத்திருந்த நெட்வொர்க் எண்ணை ரோஸ்லின் உற்றுப் பார்த்தாள். அது அலுவலக எண்ணே இல்லை. வேறு ஏதோ ஒன்று நடுவில் புகுந்து எண் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய கணினிகளுக்குக் கையால் எண் போட்டிருந்ததால் அவை தப்பித்தன. தானாக எண் கேட்ட புதுக் கணினிதான் தவறான வழியில் போய் டொமைனைத் தேடியது.

முதலிலேயே இதைப் பார்த்திருக்கலாம் என்று தன்னையே நொந்துகொண்டு, மேசைக்கு அடியில் குனிந்து கேபிள் போன வழியே போனாள். விதைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வைஃபை பெட்டி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"இது யாருது?"

இசைவாணி எழுந்து வந்தாள். "என்னுதுதாங்க மேடம். வீட்லேர்ந்து எடுத்தாந்தேன்." பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "என் தங்கச்சி அம்சவள்ளிக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. பிரசவத்துக்கு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில சேத்துருக்கோம். பிரஷர் ஜாஸ்தியா இருக்குது. கூட இருக்கிற அவ மாமியாருக்குக் கையால பேசத் தெரியாது. டாக்டரம்மா இன்னா சொன்னாங்கன்னு வீடியோவுல நான்தான் கையைக் காட்டிப் புரியவைக்கணும். இந்த ரூம்ல நெட் சிக்னலே வரமாட்டேங்குது. அதான்…"

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே."

"வேலை போயிடும்னு பயமா இருந்துச்சு மேடம்."

ரோஸ்லின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அரை நாள் போனது போனதுதான். திட்டலாம் என்று வாயைத் திறந்தாள், வந்தது பெருமூச்சுதான். வெளிப் பெட்டியை அலுவலக நெட்வொர்க்கில் விட்டுவைக்க அவளுக்கு அதிகாரமில்லை. கேபிளைப் பிடுங்கிப் பெட்டியை இசைவாணி கையில் கொடுத்தாள். புதுக் கணினியை மறுபடி போட்டாள். இந்தத் தடவை அது மறுபேச்சில்லாமல் டொமைனில் சேர்ந்தது.

சாந்திநாதன் கையைக் கூப்பினார். ரோஸ்லினுக்குச் சந்தோஷம் வரவில்லை. இசைவாணி வாசலுக்குப் போய் வெயிலில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. ஒரு கையில் கைபேசி இருந்ததால் மற்றொரு கையால் மட்டும் பாதிப் பாதியாகப் பேசினாள்.

ரோஸ்லின் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சிக்னலைப் பார்த்தாள். பின்பக்கக் குடோன் அறையின் ஜன்னலோரம் நன்றாக இருந்தது.

"சார், இசைவாணி மேசையை இங்க போட்டா உங்களுக்கு ஏதாவது சிரமமா?"

இசைவாணியின் தங்கை விஷயத்தை ரோஸ்லினே அவரிடம் சொன்னாள். சாந்திநாதன் குடோனை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "பக்கத்துலயே இருந்துக்கினு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று மூட்டைகளை அவரே நகர்த்த ஆரம்பித்தார்.

அங்கே கேபிள் எட்டவில்லை. பையிலிருந்த நீளக் கேபிளை ரோஸ்லின் சுவரோரமாக ஆணி அடித்துக் கொண்டுபோனாள். முழங்கால் வலித்தது. எல்லாம் முடித்து அவள் டப்பாவைத் திறந்தபோது எலுமிச்சைச் சாதம் காய்ந்திருந்தது. ஜன்னல் கட்டையில் கைபேசியைச் சாய்த்துவைத்து இசைவாணி இரண்டு கையாலும் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் வயிறு பெருத்த ஒரு பெண் ஏதோ கேட்டாள். இவள் பதில் காட்டினாள். அந்தப் பெண் சிரித்தாள். ரோஸ்லினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணத்தைக் கேட்டுக்கொண்ட அருள்நாதன் போனில், "யாரும்மா அந்தப் பெட்டியை வச்சது?" என்றார்.

"கிளையில வச்சிருந்தாங்க சார். கழட்டியாச்சு. இனிமே வராது, மேனேஜர் பாத்துக்குறாரு."

அவரும் அசந்துபோயிருந்தார் போலிருக்கிறது, அதற்குமேல் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி வரை நின்றுகொண்டேதான் வந்தாள்.

அடுத்த வாரம் காணை கிளையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது இசைவாணியிடமிருந்து படம் வந்தது. பெண் குழந்தை. ரோஸ்லினின் விரலெல்லாம் மை. விரல் முட்டியால் திரையை இருமுறை தட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பதில் அனுப்பக் கை கழுவ வேண்டும். எழுந்து தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனாள்.